நமசிவாயம் கைகூப்பி நின்ற பேனர்

எங்கள் பக்கத்தில் முகமில்லாமல் ஒரு பேனரும் வெளியே போகாது. காதுகுத்து என்றால் குழந்தையின் முகம், அதற்கு மேலே தாய்மாமன்கள் வரிசை, அதற்கும் மேலே இறந்துபோன தாத்தா மேகத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்ப்பார். கபடிப் போட்டி என்றால் பதினான்கு பேர், பதினான்கு பேருக்கும் கறுப்புக் கண்ணாடி. பிளஸ் டூ பாஸானாலும் பேனர், பைக் வாங்கினாலும் பேனர். தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பதினொரு வருடமாக ஃபிளெக்ஸ் கடை வைத்திருக்கிற எனக்கு, வெறும் எழுத்தை மட்டும் அச்சடித்துக் கொடுக்கக் கை வராது. சட்டை போடாதவனைக் கல்யாணப் பந்திக்கு அனுப்புகிற மாதிரி இருக்கும். இந்தப் பழக்கத்தால்தான் போன ஆனி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் என் சிநேகிதன் நமசிவாயத்தின் குடும்பத்தை நடுத்தெருவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முழுத் தப்பும் என்னுடையது இல்லை. பாதி என் கடை ஆள் மாடனுடையது.

முதலில் நமசிவாயத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வடகரைக்காரன். செங்கோட்டைப் பள்ளிக்கூடத்தில் நானும் அவனும் ஒரே பெஞ்சு. படிப்பில் இருவருமே சுமார்தான். ஆனால் அவனுக்கு ஒரு மூக்கு இருந்தது. மத்தியானம் மூடியிருக்கிற டிபன் பாக்ஸ்களை வரிசையாக மோந்து பார்த்து, யார் வீட்டில் புளிக்குழம்பு, யார் வீட்டில் நேற்று வைத்த கருவாடு என்று சொல்லிவிடுவான். அந்த மூக்கை வைத்து அவன் அடுத்தவன் சாப்பாட்டைத் திருடித் தின்றானே தவிர வேறு எதற்கும் ஆகும் என்று நாங்கள் யாரும் நினைக்கவில்லை. பிறகு திருநெல்வேலியில் கேட்டரிங் படித்தான். துபாய்க்குப் போய் ஒரு பெரிய ஓட்டலில் கிளாஸ் கழுவுகிற வேலையில் சேர்ந்தான்.

அங்கே கோவாக்காரர் ஒருவர் ஒயின் பிரிவுக்குத் தலைவராக இருந்திருக்கிறார். ஒருநாள் கழுவப் போட்ட கிளாஸை மோந்துவிட்டு நமசிவாயம், "இந்த பாட்டில் கெட்டுப் போயிருக்கு" என்று சொல்லியிருக்கிறான். அவர் போய்ப் பார்த்தால் உண்மை. அன்றிலிருந்து அவனைத் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். எந்தச் சாப்பாட்டுக்கு எந்த ஒயின், எது எத்தனை வருடம் கிடந்தது, எது வெயிலில் நின்று வீணாய்ப் போனது என்று பார்த்துச் சொல்கிற வேலை. பதினான்கு வருடம் அதைத்தான் செய்தான்.

இங்கே ஒயின் என்றால் ஜனங்களுக்கு ஒயின்ஷாப்தான் தெரியும். ஒயின்ஷாப்பில் ஒயினைத் தவிர மற்ற எல்லாம் கிடைக்கும். அதனால் எனக்கே அவன் வேலை புரிய ரொம்ப நாளாயிற்று. முதல் லீவில் வந்தபோது கேட்டேன்.

"ஏலே, அப்போ நாள் பூரா குடிச்சிட்டே கெடப்பியா?"

"குடிக்க மாட்டேம்லே. மோந்து பாக்கணும், ஒரு வாய் எடுத்து நாக்குல உருட்டணும், பொறவு துப்பிரணும். பக்கத்துல வாளி இருக்கும்."

"துப்புறதுக்கா சம்பளம் தாரான்?"

"ஒழுங்காத் துப்பத் தெரியணும்லா" என்றான். பெருமையாகத்தான் சொன்னான். சொல்லிவிட்டு உடனே குரலை இறக்கி, "இது உன்னோட இருக்கட்டும். காளீஸ்வரிக்குத் தெரிஞ்சா நான் செத்தேன்" என்றான்.

காளீஸ்வரி அவன் மனைவி. அப்போது கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அவளுடைய அப்பா குடித்தே போனவர். நாலு கோட்டை விதைப்பாடு நிலத்தை ஒவ்வொரு வயலாக விற்றுக் குடித்து, கடைசியில் ஒருநாள் காலையில் வாய்க்காலில் முகம் குப்புறக் கிடந்தார். முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடியது. அவரைத் தூக்கி வந்தபோது காளீஸ்வரிக்குப் பதினேழு வயது. அதனால் மாப்பிள்ளை பார்க்கும்போது அவள் நகையைப் பற்றியோ வேலையைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. அவன் துபாய் போவதற்குக் கொஞ்சம் முன்னால் பண்பொழி மலை மேல் கல்யாணம். தாலி கட்டுவதற்கு முன்னால் குமாரசாமி சன்னிதியில் சூடத்தை ஏற்றி வைத்து, "இதை அணைச்சுச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க" என்றாள். வார்த்தையையும் அவளே எடுத்துக் கொடுத்தாள். "என் தொண்டைக்குள்ள ஒரு சொட்டு இறங்காது." நமசிவாயம் உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தான். நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் கொப்புளம் வந்துவிட்டது.

சத்தியத்தை அவன் மீறவில்லை. ஒரு சொட்டும் தொண்டைக்குள் இறங்கவில்லை. ஆனால் நாக்கு வரைக்கும் தினமும் வந்து போகிறது என்று எப்படிச் சொல்வான்? ஓட்டலில் சாப்பாடு மேற்பார்வை என்று சொல்லிவிட்டான். முதல் வருடம் சொல்லாததை இரண்டாம் வருடம் சொல்ல முடியவில்லை, ஐந்தாம் வருடம் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. மகள் பிறந்தாள், வீடு கட்டினான், புதுமனை புகுவிழாவுக்கு நான்தான் பேனர் அடித்துக் கொடுத்தேன், அப்போதும் அது சாப்பாடு மேற்பார்வைதான்.

இதற்கு நடுவில் காளீஸ்வரி என்ன செய்தாள் தெரியுமா? மகளிர் குழுத் தலைவியாகி, வடகரைக்குப் போகிற வழியில் வயலோரமாக இருந்த ஒயின்ஷாப்புக்கு முன்னால் நாற்பது பெண்களோடு உட்கார்ந்துவிட்டாள். அடுப்பு, பானை, அரிசியோடு போய் அங்கேயே பொங்கித் தின்று பதினொரு நாள் இருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் அதிகாரிகள் வந்து கடைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். அந்தப் போராட்டத்துக்கும் பேனர் நான்தான் அடித்தேன். அவள் முகத்தைப் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு சத்தமும் போடாமல் வாங்கிப் போனாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நமசிவாயம் ஊரோடு வந்துவிட்டான். பழைய குற்றாலம் போகிற சாலையில் சாரல்மேடு என்று ஒரு ரிசார்ட். அங்கே உள்ளுக்குள்ளேயே ஒயினுக்கென்று தனியாக ஒரு பார் திறந்தார்கள். மேனேஜர் நாகராஜன் இவனைத் தேடி வந்து கூட்டிப் போனார். வீட்டில் மறுபடியும் விருந்து மேற்பார்வை என்று சொன்னான். ஆனால் இப்போது துபாய் மாதிரி இல்லை, தினமும் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். வேலை முடிந்ததும் வாயை நாலு தடவை கொப்பளிப்பான். வழியில் ஏலக்காயை மென்றுகொண்டே பைக் ஓட்டி வருவான். சட்டைப் பையில் எப்போதும் ஏலக்காய்ப் பொட்டலம் இருக்கும்.

"வாசல்லயே சொம்புத் தண்ணியோட நிப்பா மக்கா. பக்கத்துல வந்து நின்னு, என்ன சாப்பிட்டிய, என்ன குழம்புன்னு ஒண்ணொண்ணாக் கேப்பா. பதினேழு வருசம் கழிச்சும் எம்புட்டுப் பிரியம் பாரு" என்று ஒருநாள் என்னிடம் கண் கலங்கச் சொன்னான். என் மனைவி எனக்குத் தண்ணீர் எடுத்துத் தந்தே எத்தனை காலம் ஆகிறது. எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

இப்போது பேனருக்கு வருகிறேன்.

சாரல் தொடங்கியதும் நாகராஜன் ஒரு நிகழ்ச்சி நிரல் போட்டார். அடுத்தடுத்த மூன்று சனிக்கிழமைகள். முதல் சனி மாலை வெள்ளை ஒயினும் குற்றாலத்து மங்குஸ்தானும். இரண்டாம் சனி சிவப்பு ஒயின், மிளகு தூக்கலாகப் போட்ட நாட்டுக்கோழி, பரோட்டா. மூன்றாம் சனி இனிப்பு ஒயினும் அல்வாவும். வருகிறவர்களுக்கு ஒவ்வொன்றையும் சுவைக்கக் கொடுத்து, எதோடு எது சேரும் என்று நமசிவாயம் விளக்க வேண்டும். பிறகு விருந்து. சென்னையிலிருந்தும் கொல்லத்திலிருந்தும் ஆட்கள் பதிவு செய்திருந்தார்கள்.

"பத்துக்கு எட்டுல ஒரு பேனர் வேணும் அண்ணாச்சி. ஹாலுக்குள்ள வைக்கத்தான். இதெல்லாம் வெளிய வைக்கக் கூடாது, சட்டம் இருக்கு" என்றார் நாகராஜன். எழுத்தை மட்டும்தான் அனுப்பினார்.

வெறும் எழுத்து. மூன்று சனிக்கிழமை, மூன்று ஒயின், ஒரு திராட்சைக் குலை. எனக்கு மனசே ஆறவில்லை. ஊரில் எவனெவனுக்கோ பேனர் அடிக்கிறேன். பதினாலு வருடம் வெளிநாட்டில் பேர் வாங்கியவன், என் பெஞ்சில் உட்கார்ந்தவன், அவனுக்கு இதுவரை அவன் வேலையைச் சொல்லி ஒரு பேனர் இல்லை. ஹாலுக்குள்தானே, வடகரைக்காரர் யார் அங்கே வரப் போகிறார் என்று நினைத்தேன். புதுமனை புகுவிழாப் படத்தை எடுத்தேன். பட்டு வேட்டியில் கைகூப்பி நிற்கிறான். பக்கத்தில் நின்ற காளீஸ்வரியை வெட்டிவிட்டேன். அவளுடைய வளையல் கை மட்டும் அவன் தோளோரம் ஒட்டிக்கொண்டு போகமாட்டேன் என்றது. அவசரத்தில் விட்டுவிட்டேன். கீழே, ‘அன்புடன் வரவேற்கும் வடகரை மண்ணின் மைந்தன், ஒயின் மன்னன் நமசிவாயம். இவண்: பள்ளித் தோழர்கள்’ என்று போட்டேன். அவனிடம் சொல்லவில்லை. சனிக்கிழமை பார்த்து ஆச்சரியப்படட்டும் என்றிருந்தேன்.

அதே நாளில் வடகரை கடைவீதிக்கு ஒரு காதணி விழா பேனரும் அடித்திருந்தேன். அதுவும் பத்துக்கு எட்டு. இரண்டையும் சுருட்டி, ஒன்று சாரல்மேடு ஹாலுக்கு, ஒன்று வடகரைக்கு என்று புதன்கிழமை மாடனிடம் சொல்லி அனுப்பினேன். மாடன் எனக்குப் பேனர் கட்டுகிற ஆள். ஐம்பது வயது, கம்பில் ஏறினால் அணில்தான், ஆனால் எழுத்தைப் படிப்பதற்குப் பொறுமை கிடையாது. எல்லா பேனரிலும் ஒருவன் கைகூப்பி நிற்பான், அந்த முகத்தைப் பார்த்துத்தான் எந்த ஊர் பேனர் என்று அடையாளம் வைத்துக்கொள்வான். விரித்துப் பார்த்திருக்கிறான். காதணி விழாக் குழந்தை யாரென்று தெரியவில்லை, பெற்றோர் வெளியூரிலிருந்து வந்து குடியேறியவர்கள். இன்னொன்றில் நமசிவாயம் நிற்கிறான். வடகரைக்காரன், தெரிந்த முகம். வேறென்ன வேண்டும்? வியாழக்கிழமை விடியக்காலம் வடகரை கடைவீதி முக்கில் கட்டிவிட்டு, காதணி விழாவைக் கொண்டுபோய் ரிசார்ட்டில் கட்டிவிட்டான்.

ஒன்பது மணிக்கு நமசிவாயத்திடமிருந்து போன் வந்தது.

"ஏலே குத்தாலிங்கம், எங்கன இருக்க?"

"கடையிலதாம்லே. ஏன்?"

"நீ நல்லா இருப்பியாலே? என்னைய என்னல பண்ணி வெச்சிருக்க?"

தென்காசி மார்க்கெட்டில் மங்குஸ்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். வடகரையிலிருந்து எவனோ பேனரைப் படம் பிடித்து, ‘ஒயின் மன்னனுக்கு வாழ்த்துகள்’ என்று வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறான். ஐந்து நிமிடத்தில் என் கடைக்கு வந்து நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைத் திட்டக் கூட இல்லை. இரண்டு பேரும் என் பைக்கில் வடகரைக்குப் பறந்தோம்.

சாரல் பிடித்திருந்தது. முக்கில் நாலைந்து பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேலே நமசிவாயம் பட்டு வேட்டியில் எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தான். கீழே நமசிவாயம் பைக்கிலிருந்து இறங்கவே பயந்தான். நான் ஏறிக் கயிற்றை அறுத்தேன். டீக்கடை வல்லிநாயகம் அண்ணாச்சி கிளாஸை ஆற்றிக்கொண்டே, "இப்போ எதுக்குடே அவுக்க? எல்லாரும்தான் படிச்சாச்சே" என்றார்.

"காளீஸ்வரி பாத்தாளா அண்ணாச்சி?" என்று கேட்டான் நமசிவாயம்.

"பாத்தா. பால் வாங்க வந்தவ. ரெண்டு நிமிசம் நின்னு, சாரல்மேடு பேரு வரைக்கும் முழுசும் படிச்சா. பொறவு குத்தாலம் போற பஸ்ஸ மறிச்சு ஏறிட்டா."

"எதுவும் சொன்னாளா?"

"ஒரு வார்த்தை சொல்லல. பால் தூக்கையும் குடையையும் இங்கன வெச்சிட்டே போயிட்டா."

நமசிவாயம் அந்தக் குடையை எடுத்துக்கொண்டான். சாரல்மேடு போகிற வழி முழுதும் அதை விரிக்காமல் மடியில் வைத்துக்கொண்டே என் பின்னால் நனைந்துகொண்டு வந்தான்.

"நாப்பது பொம்பளைகளையும் கூட்டிட்டுப் போயிருப்பாளோ?" என்றேன்.

"போனா நாகராஜன் வேலைய விட்டுத் தூக்குவாரு. தூக்கட்டும். வேலை கெடக்குது, எங்கயும் கெடைக்கும். அவ பிள்ளையக் கூட்டிக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போயிட்டா நான் என்னல பண்ணுவேன்? அவ எதையும் பொறுத்துக்கிடுவா. இத மட்டும் பொறுக்க மாட்டா" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "பதினேழு வருசத்துல ஒருநாள் சொல்லியிருக்கலாம்லா" என்றான். அழுகிறானா சாரலா என்று கண்ணாடியில் பார்த்தால் தெரியவில்லை. அவனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அந்தப் படத்தைப் போட்டிருந்தால் இந்தப் பாடு இல்லை.

சாரல்மேட்டில் கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. வாட்ச்மேன் சல்யூட் அடித்து உள்ளே விட்டார். ஹாலுக்குள் போனோம். சுவர் முழுக்க ஒரு குழந்தையின் மொட்டைத் தலை சிரித்துக்கொண்டிருந்தது. மேலே எட்டுத் தாய்மாமன்கள். கீழே, ‘காதணி விழாவுக்கு வருகை தரும் அனைவரையும் வருக வருக’. அதற்கு அடியில் ஒரு மேசை, அதில் கண்ணாடிக் கிளாஸ்கள், நாலைந்து பாட்டில், ஒரு எவர்சில்வர் வாளி. மேசைக்கு முன்னால் காளீஸ்வரி தனியாக உட்கார்ந்திருந்தாள். சேலைத் தலைப்பு நனைந்திருந்தது.

நாகராஜன் என்னிடம் ஓடி வந்து, "அண்ணாச்சி, இது யாரு பிள்ளை?" என்றார். அதற்கு அப்புறம் வருகிறேன் என்று கையைக் காட்டினேன்.

காளீஸ்வரி கணவனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்னைய வெட்டி எறிஞ்சிட்டு எங் கையை மட்டும் எதுக்கு வெச்சிருக்கிய?"

அவள் நமசிவாயத்தின் பக்கம் திரும்பினாள்.

"மேனேஜர் சார் எல்லாம் சொன்னாவ. நீங்க வேலை செய்யுங்க. நான் பாக்கணும்."

"காளி, நான் என்ன சொல்லுதேன்னா..."

"பேச வேண்டாம். செய்யுங்க."

நமசிவாயம் ஈரக் குடையை ஒரு ஓரமாகச் சாத்திவிட்டு மேசைக்கு வந்தான். ஒரு பாட்டிலைத் திறந்து கிளாஸில் இரண்டு விரல்கடை ஊற்றினான். கிளாஸைச் சுழற்றினான். மூக்கை உள்ளே விட்டு மோந்தான். கண்ணை மூடிக்கொண்டான். ஒரு வாய் எடுத்து, கன்னத்தில் உருட்டி, வாளியைத் தூக்கி அதில் துப்பினான். தெறிக்காமல், சத்தமில்லாமல், ஒரே கோடாகத் துப்பினான். அப்போதுதான் எனக்கு அவன் சொன்னது புரிந்தது, ஒழுங்காகத் துப்புவதற்கும் தெரியத்தான் வேண்டும். பிறகு தண்ணீரில் கொப்பளித்து அதையும் துப்பிவிட்டு, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் காட்டுகிறவன் மாதிரி அவள் முன்னால் நின்றான்.

அவள் வாளியை எட்டிப் பார்த்தாள். "எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

"இன்னொண்ணு செய்யுங்க."

இன்னொரு பாட்டிலைத் திறந்து ஊற்றினான். அவன் எடுப்பதற்குள் காளீஸ்வரி அந்தக் கிளாஸைக் கையில் எடுத்துவிட்டாள். தூக்கி எறியப் போகிறாள் என்று நான் ஒரு அடி பின்னால் போனேன். அவள் கிளாஸை மூக்குக்குக் கீழே ஒருமுறை கொண்டுபோனாள். முகத்தைச் சுளித்தாள்.

"இதுல என்ன, நனைஞ்ச சாக்கு வாடை அடிக்குது? நெல்லு மழையில மாட்டி, சாக்கோட புழுங்கின மாதிரில்லா இருக்கு."

நமசிவாயம் வாங்கி மோந்தான். அவன் முகம் மாறியது. இன்னொரு தடவை மோந்தான். நாகராஜனைப் பார்த்து, "சார், இந்த பாட்டில் போச்சு. தக்கை கெட்டிருக்கு. சனிக்கிழமைக்கு இதே பெட்டிதான, மீதியையும் திறந்து பாக்கணும்" என்றான். பிறகுதான் அவனுக்குத் தான் யாரிடமிருந்து அதை வாங்கினோம் என்று உறைத்தது.

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"எப்பிடித் தெரியுமா?" என்றாள். "எங்கய்யா தெருமுனையில திரும்பும்போதே எனக்கு வாடை வந்துரும். இன்னைக்கு என்ன குடிச்சிருக்காவ, எம்புட்டுக் குடிச்சிருக்காவன்னு சொல்லிருவேன். அடிக்கிற அன்னைக்கு ஒரு வாடை, அழுவுற அன்னைக்கு ஒரு வாடை. அதை வெச்சுத்தான் தம்பியத் தூக்கிக்கிட்டு ஓடணுமா, இருந்து சோறு போடணுமான்னு முடிவு பண்ணுவேன். ஆறு வயசுல இருந்து மோந்த மூக்கு இது."

அவள் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மொத லீவுல நீங்க வந்தப்பவே தெரியும். துவைக்கப் போட்ட பேண்ட் பையில ஏழு தக்கை கெடந்துது. நம்ம வீட்டு நல்லெண்ணெய் பாட்டிலை என்ன வெச்சு மூடியிருக்கேன்னு என்னைக்காவது பாத்திருக்கியளா? பதினாறு வருசமா உங்க துபாய் தக்கைதான்."

நமசிவாயம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தான். எனக்கும் அந்த எண்ணெய் பாட்டில் நினைவுக்கு வந்தது. அவர்கள் வீட்டில் எத்தனை தோசை தின்றிருக்கிறேன், நானும் பார்த்ததில்லை.

"தெரிஞ்சேவா சும்மா இருந்த?"

"சும்மா எங்க இருந்தேன்? லீவுக்கு வந்த ஒவ்வொரு நாளும் உங்க தலையணை உறைய மோந்து பாத்திருக்கேன். வாயில பட்டது கொப்பளிச்சாப் போயிரும். வயித்துக்குள்ள போனது போவாது, மறுநாள் வேர்வையில வந்து நிக்கும். ஒருநாளும் வரல. இங்க வேலைக்கு வந்த மூணு வருசமும் வாசல்ல சொம்போட நிக்கேம்லா, எதுக்கு? உங்களுக்குத் தண்ணி எடுத்துக் குடிக்கக் கை இல்லையா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். நமசிவாயம் சொம்புத் தண்ணீரைப் பற்றி என்னிடம் கண்கலங்கிச் சொன்னதை நினைத்தால் யாருக்குத்தான் வராது?

"அந்த ஏலக்காய் வேற" என்றாள். "ஏலக்காய் மென்னுகிட்டு வீட்டுக்கு வர்ற ஆம்பளை எதை மறைக்கான்னு தெரியாத பொம்பளை வடகரையிலயே கெடையாது."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா காளி?"

"கேட்டா நீங்க பொய் சொல்லுவிய. சொன்னதுக்குப் பொறவு நான் உங்க வாய நம்பணுமா எம் மூக்க நம்பணுமா? மூக்கே போதும்னு இருந்துட்டேன். இன்னைக்கு ஊரே படிச்சிட்டு என் மூஞ்சியப் பாக்கு. கடைய மூட வெச்சவ புருசன் ஒயின் மன்னன்னு சிரிக்கானுவ. இனிமே எனக்கு என் மூக்கு மட்டும் பத்தாது. அதான் கண்ணால பாக்கணும்னு வந்தேன்."

"பாத்தியா?"

"பாத்தேன். துப்புதிய" என்றாள்.

நமசிவாயம் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. அழுகை என்று நினைத்துப் பக்கத்தில் போனேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. பதினேழு வருடமாக அவன் தோளில் ஒரு மூட்டை இருந்ததென்றால், அதை இறக்கி வைத்ததை நான் கண்ணால் பார்த்தேன். எனக்கே உடம்பு லேசாகிவிட்டது. என்னுடைய தப்பும் அதோடு போய்விட்டதே என்கிற நிம்மதியும் கொஞ்சம் சேர்ந்துதான், ஏன் மறைக்க வேண்டும்.

ஆனால் காளீஸ்வரி அவ்வளவு லேசில் விடுகிற ஆள் இல்லை. எழுந்து குடையை எடுத்துக்கொண்டு நாகராஜனிடம் போனாள்.

"சார், நீங்க வெளிய ஒரு எழுத்துக்கூட வைக்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள உள்ள விடக் கூடாது. குடிச்சவன் கையில வண்டிச் சாவியக் குடுக்கக் கூடாது. இதுல ஒண்ணு தப்பினாலும் நாப்பது பேரும் அடுப்போட வந்துருவோம். எங்களுக்கு இங்கன வந்து பொங்கிச் சாப்பிடக் கஷ்டமே இல்ல, அருவி வேற பக்கத்துல இருக்கு."

"கண்டிப்பா மேடம்" என்றார் நாகராஜன். பதினொரு நாள் கதை அவருக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் பெட்டியில் மீதியிருந்த பாட்டில்களையும் நமசிவாயம் திறந்து பார்த்தான். இன்னும் மூன்று கெட்டிருந்தன. மாடன் வந்து காதணி விழாவைக் கழற்றிக்கொண்டு போய் வடகரையில் கட்டினான். குழந்தை வீட்டார் பாதி நாள் பேனர் இல்லாமல் போனதற்கு என்னோடு சண்டைக்கு வந்தார்கள். நியாயம்தான். சாரல்மேட்டுக்கு வெறும் எழுத்தில் புதிதாக ஒன்று அடித்துக் கொடுத்தேன். மூன்று சனிக்கிழமை, மூன்று ஒயின், ஒரு திராட்சைக் குலை. என் வாழ்க்கையில் முகமில்லாமல் அடித்த முதல் பேனர், பார்க்க வழுக்கையாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்கு முதல் கூட்டம். நான் வாசலோரம் நின்று பார்த்தேன். இருபத்தாறு பேர் வந்திருந்தார்கள். நமசிவாயம் மங்குஸ்தானை உடைத்துக் காட்டி, இந்தப் புளிப்புக்குத்தான் இந்த வெள்ளை ஒயின் என்று விளக்கினான். இங்கிலீஷும் தமிழும் கொஞ்சம் மலையாளமும் கலந்து சரளமாக வந்தது. கெட்ட பாட்டில் எப்படி இருக்கும் என்று ஒரு அம்மாள் கேட்டபோது, "மழையில நனைஞ்ச நெல்லுச் சாக்கு மாதிரி இருக்கும். எங்க வீட்ல சொன்னாவ" என்றான். எல்லோரும் அதைக் குறித்துக்கொண்டார்கள். விருந்தை நாகராஜன் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட, ஆறு மணிக்கு அவன் பைக்கில், நான் பின்னால் உட்கார, கிளம்பினோம். காளீஸ்வரி என்னையும் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள்.

இலஞ்சி தாண்டியதும் நமசிவாயம் வண்டியை ஓட்டிக்கொண்டே சட்டைப் பைக்குள் ஒரு கையை விட்டான். பழக்கம். பொட்டலத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்தா, பாயசத்துக்கு ஆகும், வீட்ல குடு" என்று பின்னால் என்னிடம் நீட்டினான்.

வடகரையில் அவன் வீட்டு வாசலில் விளக்குப் போட்டிருந்தது. காளீஸ்வரி சொம்போடு நின்றாள். மீன்குழம்பு வாசம் தெரு வரைக்கும் வந்தது. எனக்கு நல்ல பசி. முதல் ஆளாக இறங்கி நடையில் கால் வைத்தேன்.

"அண்ணாச்சி, நில்லுங்க. ஊதுங்க" என்றாள்.

கூட்டம் முடிந்ததும் நாகராஜன், பேனருக்காக உங்களுக்கு எத்தனை சிரமம் அண்ணாச்சி என்று ஒரு கிளாஸ் ஒயின் கொடுத்திருந்தார். ஒன்றுதான். துப்புவதற்கு எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "எனக்குக் கடையில ஒரு அவசர வேலை" என்று திரும்பி வந்து பைக்கின் பக்கத்தில் நின்றுகொண்டேன். மீன்குழம்பு போயிற்று.

அடுத்து நமசிவாயம் போனான். இத்தனை வருடமும் அவள் முன்னால் வாயைப் பாதி மூடிக்கொண்டே பேசிப் பழகியவன். அவள் சொல்வதற்கு முன்பே இரண்டு கையையும் இடுப்பில் வைத்து, மார்பு நிறைய மூச்சை இழுத்து, அவள் முகத்துக்கு நேராக ஊதினான். அவள் நெற்றி முடி பறந்தது.

காளீஸ்வரி ஒரு நிமிடம் யோசித்தாள்.

"மங்குஸ்தான் நெறையத் தின்னிருக்கிய" என்றாள். "பிள்ளைக்கு ரெண்டு கொண்டாரத் தோணலையா?" என்று கேட்டுக்கொண்டே சொம்பை அவன் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அவன் தண்ணீர் முழுவதையும் வாசலிலேயே நின்று ஒரே மூச்சில் குடித்தான்.